நன்றாகத் தின்றும் இளைக்கும் வயதான பூனை: தைராய்டு, சிறுநீரக நோய்க்கு ஒரு வழிகாட்டி

பத்து வயதைத் தாண்டிய பூனை, வைத்ததையெல்லாம் தின்றும் இளைத்துக்கொண்டே போனால் அதை முதுமை என்று தள்ளிவிடாதீர்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று கேரள–தமிழ்நாட்டு எல்லையோரத்து எங்கள் ஊர்களில் எந்த வீட்டில் விசாரித்தாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: “வயதாகிவிட்டது, அவ்வளவுதான். சாப்பாடெல்லாம் நன்றாகத்தான் சாப்பிடுகிறது.” அந்த இரண்டாவது வாக்கியமே பல நேரங்களில் நோயின் அறிகுறி. தின்பது கூடி எடை குறைந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிப்பது கூடி எடை குறைந்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். உண்மையில் எது கண்ணில் பட்டாலும் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வயதான பூனைக்கு இந்த இரண்டு நோயும் ஒன்றாக வருவது சகஜம். வந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். புதிதாக இந்த விஷயத்துக்குள் வருபவர்கள் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால்கூடப் பாதி கிணறு தாண்டியது போலத்தான்.

நோய் என்ன செய்கிறது

தைராய்டு என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு வரும் தைராய்டுதான் நினைவுக்கு வரும். அவர்களில் பெரும்பாலோருக்குச் சுரப்பு குறைவு. அதற்குத்தான் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை போடுகிறார்கள். பூனைக்கு வருவது நேர் எதிர். கழுத்தில் உள்ள சுரப்பி தடித்து, தேவைக்கு மேல் சுரக்கிறது. பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத வளர்ச்சிதான். அமெரிக்காவில் 1979 முதல் மருத்துவர்கள் இதைத் தனி நோயாக எழுதத் தொடங்கினார்கள். இந்த நோய் வந்த பூனையின் உடல் எந்நேரமும் முடுக்கிவிட்டது போல ஓடும். பசி கூடும், எடை குறையும், இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். இரவில் காரணமில்லாமல் கத்தும். சில பூனைகள் வாந்தி எடுக்கும், மலம் இளகிப் போகும். மினுமினுப்பாக இருந்த முடி எண்ணெய்ப் பிசுக்கோடு சடை பிடிக்கும். கிழப் பூனை திடீரெனக் குட்டியைப் போல ஓடியாடினால் வீட்டில் எல்லோரும் மகிழ்ந்துபோவார்கள். எடையைப் பார்த்த பிறகு மகிழுங்கள்.

ஆகவே, இப்போதே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த தைராக்சின் மாத்திரையில் பாதியைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். தைராய்டு மாத்திரைதானே என்ற எண்ணம் இயல்பாக வரும். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான் அது. அயோடின் உப்பைக் கூடுதலாகச் சேர்ப்பதும் வேண்டாம்.

சிறுநீரக நோய் அமைதியாக வரும். சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். போனது திரும்ப முளைக்காது. மிச்சம் இருப்பவை கூடுதல் வேலை செய்து சமாளிப்பதால் நெடுநாள் வெளியே தெரியாது. தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் உயரும்போது ஏறக்குறைய முக்கால் பங்கு திறன் போயிருக்கும். அதற்கும் முன்னாலேயே சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் குறைந்துவிடும். அதனால் பூனை நிறையச் சிறுநீர் கழிக்கும், அதை ஈடுகட்ட நிறையக் குடிக்கும். “நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது” என்று சொல்பவர்கள் பலர். பூனையைப் பொறுத்தவரை அது தலைகீழ். பாலைநிலத்து விலங்கின் வழிவந்த பூனை இயல்பாகவே குறைவாகக் குடிக்கும். தண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கம் அடிக்கடி போகிற பூனையைக் கவனிக்கத்தான் வேண்டும்.

இனி இரண்டும் சேரும் கதை. தைராய்டு மிகையாகச் சுரக்கும்போது சிறுநீரகத்துக்குப் பாயும் ரத்தம் கூடுகிறது, வடிகட்டும் வேகமும் கூடுகிறது. தசை கரைவதால் கிரியாட்டினின் உற்பத்தியே குறைகிறது. இரண்டு காரணத்தாலும் ரிப்போர்ட்டில் சிறுநீரகம் நலமாகத் தெரியும். தூர்ந்துபோன வாய்க்காலானாலும் மதகை முழுக்கத் திறந்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போய்விடும். மதகை இறக்கும்போதுதான் தூர் எவ்வளவு என்று தெரியும். தைராய்டுக்கு மாத்திரை கொடுப்பது மதகை இறக்குவது. மூன்று வாரத்தில் கிரியாட்டினின் ஏறும். உடனே “மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது” என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை கெடுக்கவில்லை, இருந்த நோயைக் காட்டிக் கொடுத்தது. தைராய்டை அப்படியே விட்டால் ஏறிய அழுத்தமே மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அரித்துவிடும், இதயத்தையும் தடிக்கச் செய்யும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சிறுநீரக நோய் முற்றிய பூனையில் தைராய்டு அளவு கீழே இழுபட்டு, எல்லைக்குள் இருப்பது போலத் தோன்றும். எல்லைக்குள் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தைராய்டு இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

முதல் படி: வீட்டில் எடை பாருங்கள்

பூனையைத் தூக்கிக்கொண்டு நாம் எடை மெஷினில் ஏறிக் கழித்துப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. நூறு, இருநூறு கிராம் வித்தியாசத்தை அது காட்டாது; நமக்கு வேண்டியதோ அந்த நூறு கிராம்தான். 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் அது உடலில் பத்தில் ஒரு பங்கு. கொக்கியில் மாட்டும் சிறிய மின்னணுத் தராசு சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. அகலமான துணிப்பையில் பூனையை உட்கார வைத்துக் கொக்கியில் மாட்டினால் பத்து கிராம் சுத்தமாகத் தெரியும். பைக்குள் வர மறுக்கும் பூனையானால் காய்கறிக் கடைத் தராசை நாடலாம். காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டால் எந்தக் கடைக்காரரும் மறுப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே தராசில், தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது சிறுநீர். நம் பக்கத்துப் பூனைகள் தென்னந்தோப்பிலும் வேலியோரத்திலும் போய்விட்டு வருவதால் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. வயதான பூனைக்கு மட்டுமாவது இரவில் வீட்டுக்குள் ஒரு மணல் தட்டு வையுங்கள். காலையில் எத்தனை இடம் நனைந்திருக்கிறது, எவ்வளவு பெரிதாக நனைந்திருக்கிறது என்று பார்க்கப் பழகினால் ஒரே வாரத்தில் அதன் வழக்கம் பிடிபடும். தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும்; மூட்டு வலி உள்ள கிழப் பூனை உயரமான விளிம்பைத் தாண்டச் சோம்பி மூலையில் போய்விடும்.

பூனை உறங்கும்போது இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால், நெஞ்சின் மேல் விரல்களை வைத்து 15 விநாடி இதயத் துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குங்கள். அசந்து கிடக்கும்போதே நிமிடத்துக்கு 220க்கு மேல் போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. மூச்சையும் எண்ணுங்கள். உறக்கத்தில் 30க்கு மேல் தொடர்ந்து இருக்கக்கூடாது. தாடையைச் சற்று உயர்த்தி, மூச்சுக்குழலின் இருபுறமும் தொண்டையிலிருந்து மார்பு வரை விரலை மெல்ல வழித்துப் பார்த்தால் தடித்த சுரப்பி சில நேரம் நழுவும் சிறு கட்டியாகத் தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால் நோய் இல்லை என்று பொருளல்ல. வாயை முகர்ந்து பாருங்கள். மூத்திர வாடை போன்ற நெடி வந்தால் யூரியா மிகுந்திருக்கலாம்.

தண்ணீர் அதிகம் குடித்து எடை குறைவது நீரிழிவிலும் உண்டு. பல், ஈறு, குடல் நோய்களிலும் பூனை இளைக்கும். அதனால்தான் வீட்டில் நோய்க்குப் பெயர் வைக்காமல், கண்டதை எழுதிக்கொண்டு போக வேண்டும்.

இரண்டாம் படி: எங்கே போவது, எதைக் கேட்பது

எங்கள் பகுதியின் வசதி, இரண்டு மாநிலத்து மருத்துவமும் எட்டும் தூரத்தில் இருப்பது. மேற்கே பாலக்காட்டில் மாவட்டக் கால்நடை மருத்துவ மையம் இருக்கிறது. இன்னும் போனால், குதிரான் சுரங்கப்பாதையைத் தாண்டித் திருச்சூருக்கு முன்பே மண்ணுத்தியில் 1955இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. கிழக்கே பொள்ளாச்சி, அதற்கப்பால் உடுமலைப்பேட்டையில் தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. ஊர் மாட்டாஸ்பத்திரியில் முதலில் காட்டுவதில் தவறே இல்லை. ரத்தம் எடுத்து அனுப்ப அவர்களால் முடியும். ஆனால் கிளம்பும் முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: பூனைக்கு டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவு) பரிசோதனை செய்ய அனுப்ப முடியுமா? சிறுநீரின் அடர்த்தி எண் பார்க்க முடியுமா? பூனைக்கு ரத்த அழுத்தம் அளக்கும் கருவி இருக்கிறதா? மூன்றாவது எல்லா இடத்திலும் இருக்காது. இருக்கும் இடத்துக்கு ஒரு முறையாவது போய்வருவது அலைச்சலுக்குத் தகும்.

பூனையைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போகாதீர்கள். மேல்மூடி திறக்கும் பிளாஸ்டிக் கூடையில் அதன் பழைய துணியை விரித்து, இரண்டு நாள் முன்பே வீட்டுக்குள் திறந்து வைத்தால் தானே ஏறி உட்காரும். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கூடையைத் துண்டால் மூடிவிடுங்கள். டி4 பரிசோதனைக்குப் பட்டினி போடத் தேவையில்லை. சிறுநீரகச் சந்தேகம் உள்ள பூனைக்குத் தண்ணீரை ஒருபோதும் நிறுத்தக்கூடாது.

அங்கே போனதும் கேட்க வேண்டிய பரிசோதனைகள்: ரத்த அணுக்கள், கிரியாட்டினின், யூரியா, பாஸ்பரஸ், பொட்டாசியம், சர்க்கரை, கல்லீரல் நொதிகள், மொத்த டி4, சிறுநீரில் அடர்த்தி எண்ணும் புரதமும், அதோடு ரத்த அழுத்தம். செலவு இடிக்கிறது என்றால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். என் கருத்தில் அப்படிப்பட்ட நேரத்திலும் கைவிடக்கூடாதவை நான்கு: கிரியாட்டினின், டி4, சிறுநீர் அடர்த்தி, ரத்த அழுத்தம். சிறுநீர் அடர்த்திக்கு ஒரு சொட்டு போதும்.

மூன்றாம் படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சற்று நிதானமாகப் படியுங்கள்.

சிறிய ஊர்களில் பூனையின் ரத்தம் பல நேரம் மனிதர்களுக்கான லேபுக்குத்தான் போகிறது. மொத்த டி4 அளவை அந்த எந்திரமும் ஓரளவு சரியாகவே அளக்கும். தொல்லை, தாளில் பக்கத்தில் அச்சாகும் ‘இயல்பு அளவு’ மனிதருடையது. மனிதருக்கு டி4 டெசிலிட்டருக்குச் சுமார் 5 முதல் 12 மைக்ரோகிராம் வரை இயல்பு. பூனைக்கோ லேபைப் பொறுத்துச் சுமார் 0.8 முதல் 4.7 வரைதான். ஆகவே 6.5 என்று வந்த பூனையின் தாளில் எந்தக் குறியும் இருக்காது, ‘நார்மல்’ என்றே தோன்றும். அந்தப் பூனைக்கோ தைராய்டு தெளிவாக மிகை. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். “தைராய்டு நார்மல் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். இனி டானிக் வாங்கினால் போதும், இல்லையா?” என்றார். டி4 வரிசையில் 7.1 என்று இருந்தது, பக்கத்தில் 5.1–14.1 என்று அச்சாகியிருந்தது. அந்த அச்சிட்ட எல்லையைப் பேனாவால் அடித்துவிட்டு 0.8–4.7 என்று எழுதிக் கொடுத்து, அதே தாளோடு மருத்துவரிடம் அனுப்பினேன். மாத்திரை அன்றே தொடங்கியது.

கிரியாட்டினினில் இது தலைகீழாகும். மனிதருக்கு டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராமைத் தாண்டினாலே தாளில் ‘அதிகம்’ என்று குறி விழும், பூனைக்கு 1.6க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பதற வேண்டியதில்லை. டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) என்ற வரியைப் பூனை விஷயத்தில் பொருட்படுத்த வேண்டாம்; மனிதருக்கான கருவி பூனையின் டி.எஸ்.எச்.சை அளக்காது.

அலகையும் பாருங்கள். ஒரு லேபில் டி4 ‘3’ என்றும் இன்னொன்றில் ‘38.6’ என்றும் வரும். இரண்டும் ஒன்றுதான்: மைக்ரோகிராம் அளவை 12.87ஆல் பெருக்கினால் நானோமோல் அளவு. கிரியாட்டினினை மில்லிகிராமிலிருந்து மைக்ரோமோலுக்கு மாற்ற 88.4ஆல் பெருக்க வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு லேப், அந்தப் பக்கம் ஒரு லேப் என்று மாறி மாறிப் பார்ப்பவர்கள் இதில்தான் பயந்துபோகிறார்கள். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்; முடியாவிட்டால் நோட்டில் எண்ணோடு அலகையும் எழுதுங்கள்.

சிறுநீரக நோயை உலகெங்கும் மருத்துவர்கள் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். கிரியாட்டினின் 1.6க்குக் கீழ் முதல் நிலை; 1.6 முதல் 2.8 வரை இரண்டாவது, 2.9 முதல் 5.0 வரை மூன்றாவது. அதற்கு மேல் நான்காவது. பூனைக்குத் தண்ணீர்ச்சத்து சரியாக இருக்கும்போது, ஒரு முறைக்கு இரு முறை பார்த்துத்தான் நிலையை முடிவு செய்ய வேண்டும். வாந்தி எடுத்து வறண்டு கிடக்கும் பூனைக்கு எண் பொய்யாக ஏறியிருக்கும். எஸ்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு சிறுநீரகப் பரிசோதனை தசை குறைவால் ஏமாறுவதில்லை என்பதால் இளைத்த பூனைக்கு மிகவும் உதவும், கிடைக்கும் இடத்தில் கேளுங்கள். சிறுநீர் அடர்த்தி நலமான பூனைக்கு 1.035க்கு மேல் இருக்கும். 1.008க்கும் 1.012க்கும் இடையில் வந்தால் சிறுநீரகம் அடர்த்தியாக்கும் வேலையையே விட்டுவிட்டது என்று பொருள்.

இன்னொரு வரி: கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. தைராய்டு மிகுந்த பூனையில் அடிக்கடி உயர்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கல்லீரல் டானிக்கோடு மாதங்களைக் கடத்திவிடும் பூனைகள் உண்டு. பத்து வயதுக்கு மேற்பட்ட பூனைக்கு ஏ.எல்.டி. கூடியிருந்தால் டி4 பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

நான்காம் படி: தைராய்டு மாத்திரை

கதிரியக்க அயோடின் ஒரே ஊசியில் பெரும்பாலான பூனைகளைக் குணமாக்கிவிடும்; மேலைநாடுகளில் அதுவே முதல் தேர்வு. நம் பக்கத்தில் நடைமுறைக்கு உள்ள வழி மாத்திரைதான். கார்பிமசோல், மெதிமசோல் என்று இரண்டு பெயரில் வரும். கார்பிமசோல் உடலுக்குள் போய் மெதிமசோலாகத்தான் மாறுகிறது, ஆனால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமம் அல்ல. 10 மில்லிகிராம் கார்பிமசோல் சுமார் 6 மில்லிகிராம் மெதிமசோலுக்கு ஈடு. பொள்ளாச்சிக் கடையில் ஒன்று இல்லை என்று பாலக்காட்டில் மற்றதை வாங்கி அதே அளவில் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்றி எழுதி வாங்குங்கள்.

மருத்துவர் குறைந்த அளவில்தான் தொடங்குவார். “இவ்வளவு சின்னத் துண்டா?” என்று நீங்களாகக் கூட்ட வேண்டாம். மெல்ல இறக்குவதே சிறுநீரகத்துக்கு நல்லது. தொடங்கிய 2 முதல் 4 வாரத்துக்குள் மறுபடியும் டி4, கிரியாட்டினின், ரத்த அணுக்கள் பார்க்க வேண்டும். இந்த மறு பரிசோதனைக்குத்தான் பலர் போவதில்லை. பூனை தேறிவிட்டது, எதற்கு அலைச்சல் என்று விட்டுவிடுவார்கள். முழு சிகிச்சையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஒரு பயணம்தான். சிறுநீரகத்தின் உண்மையான நிலை அன்றுதான் தெரியும். டி4 இயல்பு எல்லையின் கீழ்ப்பாதியில் நிற்பது நல்லது. அதற்கும் கீழே போய்விட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் வீணாகக் குறையும். அளவைக் குறைக்க வேண்டும். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியும் பூனை தின்று, விளையாடி, எடை கூடினால் அது தாங்கக்கூடிய ஏற்றம். நிறைய ஏறினால் மருத்துவர் அளவைச் சற்றுத் தளர்த்தி இரண்டுக்கும் நடுவே ஒரு இடத்தில் நிறுத்துவார். நீங்களாக அடியோடு நிறுத்துவது மட்டும் கூடாது.

முதல் மூன்று மாதம் வாந்தி, பசியின்மை, முகத்தைப் பிறாண்டிப் புண்ணாக்குவது, சோர்வு, கண்ணிலோ ஈறிலோ மஞ்சள் தெரிவது ஆகியவற்றைக் கவனியுங்கள். கண்டால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெள்ளணுக்கள் குறைவதும் அரிதாக உண்டு.

மாத்திரை கொடுக்கும் முறை: பூனையை மேசையில் உங்களுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். இடது கையால் கன்ன எலும்புகளைப் பிடித்து முகத்தை மேலே நிமிர்த்தினால் கீழ்த்தாடை தானே சற்று திறக்கும். வலது நடுவிரலால் தாடையை இறக்கி, நாக்கின் பின்பக்கம் மாத்திரையைப் போட்டு, வாயை மூடி, ஊசி இல்லாத சிரிஞ்சில் 3 அல்லது 4 மில்லி தண்ணீரைக் கடைவாய் வழியாக மெல்ல விடுங்கள். தண்ணீர் விடாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். முள் நீக்கிய மீன் துண்டில் ஒளித்துக் கொடுத்தால் விழுங்குகிறது என்றால் இந்தப் பாடே வேண்டாம். மாத்திரையைப் பொடிக்காதீர்கள். கர்ப்பிணிகள் கையுறை இல்லாமல் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது. பூனை கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஐந்தாம் படி: சிறுநீரகத்தைக் காப்பது

சாப்பாட்டில் முதல் எதிரி பாஸ்பரஸ். சிறுநீரக நோய்க்கென்றே தயாராகும் உணவை ராயல் கேனின், ஹில்ஸ், ஃபார்மினா போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. வாங்க முடிந்தவர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து, சில வாரங்கள் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். வாந்தியும் குமட்டலுமாக இருக்கும் நாளில் புது உணவைத் தொடங்கினால் பூனை அதை வாழ்நாள் முழுதும் வெறுத்துவிடும்.

வாங்க முடியாதவர்களுக்கு: நம் வழக்கமான மத்தி மீன் தலையும் முள்ளும் சேர்ந்த சோறு சிறுநீரகப் பூனைக்கு ஆகாது, முள்ளில்தான் பாஸ்பரஸ் குவிந்திருக்கிறது. நெத்திலிக் கருவாட்டில் முள்ளோடு உப்பும் சேர்கிறது. எலும்பில்லாத கோழிக்கறியையோ மீன் சதையையோ நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பாஸ்பரஸில் ஒரு பகுதி அதோடு போய்விடும். வெந்த முட்டை வெள்ளைக்கரு நல்ல புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. பிறகு வெதுவெதுப்பான புதுத் தண்ணீர் ஊற்றிக் குழைத்து வையுங்கள். சோறு மட்டும் போட்டு வளர்க்க முடியாது. பூனைக்கு இறைச்சிப் புரதமும் அதிலுள்ள டாரின் என்ற சத்தும் இன்றியமையாதவை. வீட்டுச் சமையலையே நம்பினால் டாரினும் சத்து மருந்தும் எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். குழம்பில் கிடந்த மீன் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

எந்த உணவானாலும் பூனை தின்ன வேண்டும், அதுவே முதல் விதி. இரண்டு நாள் முழுப் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு அடைத்துவிடும். பத்தியச் சாப்பாட்டைத் தொடாமல் கிடக்கும் பூனைக்குப் பழைய சாப்பாட்டையே கொடுத்துவிட்டு, பாஸ்பரஸைக் கட்டும் மருந்தைக் கேளுங்கள். பசியைத் தூண்டவும் குமட்டலை அடக்கவும் மருந்துகள் உண்டு.

தண்ணீர் விஷயத்தில் பாலக்காட்டுக் கணவாயில் வாழும் நமக்குக் கூடுதல் பொறுப்பு. மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மார்கழி, தையில் கணவாய் வழியே அடிக்கும் வறண்ட காற்றும் உடம்பை உறிஞ்சும். வீட்டில் மூன்று நான்கு இடத்தில் அகன்ற மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், சாப்பாட்டுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளி. ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால், நாம் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் ஊற்றுங்கள்.

மூன்றாம் நிலையை நெருங்கும் பூனைக்கு மருத்துவர் தோலுக்கடியில் திரவம் ஏற்றச் சொல்லலாம். கேட்கும்போது அச்சமாக இருக்கும், ஆனால் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் பாட்டிலைச் சன்னல் கம்பியில் உயரமாகக் கட்டி, மருத்துவமனையில் ஒரு முறை அவர்கள் செய்து காட்டியபடி, தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கி ஊசியைச் செலுத்த வேண்டும். தோலுக்கடியில் பை போலத் திரளும். அது முன்னங்காலுக்கு இறங்கி, சில மணி நேரத்தில் உறிஞ்சப்பட்டுவிடும். ஒவ்வொரு முறையும் புது ஊசி. பாட்டிலை முன்னதாக வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் பூனை துள்ளாது. அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். தைராய்டால் இதயம் தடித்த பூனைக்குத் திரவம் மிகுந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். திரவம் ஏற்றும் நாட்களில் உறக்கத்து மூச்சை எண்ணுவதை விடாதீர்கள்.

ரத்த அழுத்தத்தின் மேல் எண் 160க்கு மேல் தொடர்ந்து இருந்தால் மருந்து தேவை. 180ஐத் தாண்டினால் கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து. இதற்கு அம்லோடிபின் நன்றாக வேலை செய்யும், நம் பெரியவர்கள் போடும் அதே மருந்து. ஆனால் பூனையின் அளவு மாத்திரையில் ஒரு சிறு துணுக்கு, மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடக்கூடாது. சிறுநீரில் புரதம் போனால் டெல்மிசார்டன் கொடுப்பார்கள்.

நாட்டு மருந்து பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சிறுநெருஞ்சில் கஷாயம் மனிதருக்குச் சிறுநீர் பிரிய உதவுவதாகக் கொடுக்கிறார்கள். இந்தப் பூனைக்குச் சிறுநீர் பிரியாதது நோயல்ல. மிகுதியாகப் பிரிந்து உடல் வறள்வதே நோய். வேண்டாம்.

பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் சிறுநீரகத்தை அழிக்கும். கல்யாண வீட்டுப் பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவும் அப்படித்தான்: இதழ், இலை, மகரந்தம், அது நின்ற குவளைத் தண்ணீர் எல்லாமே பூனைச் சிறுநீரகத்துக்கு நஞ்சு. செங்காந்தள் கிழங்கும் விதையும் வேறு வகை நஞ்சு; தாராபுரம் பக்கத்திலிருந்து விதை கொண்டுவந்து உலர்த்துபவர்கள் பூனை எட்டாத இடத்தில் வையுங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

கண்மணி அகலமாக விரிந்து, சுவரில் முட்டிக்கொண்டு நடந்தால் ரத்த அழுத்தத்தால் விழித்திரை பிரிந்திருக்கலாம். அன்றே சிகிச்சை தொடங்கினால் சில நேரம் பார்வையில் ஒரு பங்காவது மீளும். வாயைத் திறந்து மூச்சுவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள், திரவம் ஏற்றியதை அவசியம் சொல்லுங்கள். தலையைத் தூக்க முடியாமல் கழுத்து தொங்கினால் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். ஆண் பூனை தட்டில் முக்கியும் சொட்டுகூட வராவிட்டால் அது வேறு நோய், சிறுநீர்ப்பாதை அடைப்பு; ஒரு நாளுக்குள் உயிரைப் பறிக்கும்.

நிலைத்த பூனைக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழுப் பரிசோதனை போதும். இரண்டு நோயும் சேர்ந்த பூனைகள் மாதக் கணக்கில் மட்டுமல்ல, ஆண்டுக் கணக்கிலும் நன்றாக வாழ்வதைப் பார்த்திருக்கிறேன். நான்காம் நிலையில் வாய்ப்புண், ஓயாத வாந்தி, தன்னை நக்கிக்கொள்ளக்கூட மனமில்லாமல் ஒடுங்கிக் கிடப்பது என்று வந்து, மருந்துக்கும் தேறாவிட்டால், வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றி மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதில் பாவம் ஒன்றும் இல்லை, தள்ளிப்போடுவதால் நோவது பூனைதான்.

வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் ஏழு வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறையும், பத்து வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் கிரியாட்டினினும் சிறுநீர் அடர்த்தியும் பாருங்கள். பத்தைத் தாண்டியதும் டி4ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். நலமாக இருக்கும்போது எடுத்த எண்களை அதே நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பின்னொரு நாள் 1.5 என்று வரும் கிரியாட்டினின் அந்தப் பூனைக்கு ஏற்றமா இல்லையா என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் மருத்துவர் சொல்ல முடியும்.